பெரிய திரையும் சிறிய கூடமும்

தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது ஒரு நாட் பொழுதில் முடிந்துவிடக்கூடிய காரியம் என்றே நாமும் எண்ணியிருந்தோம். நம் வீட்டில் அது ஒரு மாத விவகாரமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த 32 அங்குலப் பெட்டி சென்ற வைகாசியில் ஒருநாள் மாலை தன் திரையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டியது. மறுநாள் கோடு மூன்றாயிற்று. அதற்கு மறுநாள் படம் மறைந்து ஒலி மட்டும் எஞ்சியது. திருத்துபவர் வந்து பார்த்து, திருத்துகின்ற காசுக்கு இன்னுங் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லிப் போனார்.

புதிது வாங்குவதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. எவ்வளவு பெரிது என்பதிற்றான் குடும்பம் கட்சி பிரிந்தது. மகன், 75 அங்குலத்திற் குறைந்த திரையிற் கிரிக்கெட் பார்ப்பது பார்ப்பதே அன்று என்றான். நாமோ, இச்சிறிய கூடத்துக்கு 43 அங்குலமே அதிகம் என்றோம். இல்லத்தரசியார், விலையைக் கேட்ட பின்பே தம் அபிப்பிராயத்தைச் சொல்வதாக ஒதுங்கிக்கொண்டார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் இரு கட்சியிலுஞ் சேராமல் நடுவில் நின்றாள். சாய்மனைக் கதிரையில் இருந்த நம் அன்னையாரை ஒருவருங் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமே அந்தக் கேளாமைதான்.

பெரிது வேண்டும் என்ற ஆசை இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. 1926ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் திகதி லண்டனில் ஜோன் லோகி பெயர்ட் என்பவர் அறிஞர் சிலருக்குக் காட்டிய தொலைக்காட்சிப் படம் முப்பதே கோடுகளால் ஆனது. மனித முகம் ஒன்று அசைகின்றது என்று தெரிந்ததே அன்று பேரதிசயம். பத்தாண்டு கழிந்து 1936இல் பி.பி.சி. நிறுவனத்தார் 405 கோடுகள் கொண்ட படத்தை ஒளிபரப்பினர். நம் நாட்டில் 1979 ஏப்ரல் 13ஆந் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15ஆந் திகதி ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியபோது கோடுகள் 625 ஆகிவிட்டன. இன்று கடைகளில் ‘4கே’ என்று விற்கப்படும் திரையில் 2160 வரிசைகள் உள்ளன. வரிசை ஒன்றுக்கு 3840 புள்ளிகள். ஆக மொத்தம் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள்.

ஆயினும் அந்தப் பழைய நாட்களில், ஊரில் ஒரு வீட்டிற் பெட்டி இருந்தால் அயலெல்லாம் அங்கே கூடியிருந்ததை நம்மவர் மறந்திரார். 1990க்குப் பின் மின்சாரமற்றுக் கிடந்த யாழ்ப்பாணத்திலோ, பெட்டியையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்து விடியும்வரை படம் பார்த்தார்கள். திரை சிறிது என்று ஒருவரும் முறையிடவில்லை. சிறுவர்கள் முன்னே நகர்ந்து நகர்ந்து திரைக்கு மூன்று முழத்துக்குள் வந்து குந்திவிடுவார்கள். திரையின் அளவு என்பது தனியாக நிற்கும் ஒன்றன்று, அது இருக்கையின் தூரத்தோடு சேர்ந்தது என்ற உண்மையை அச்சிறுவர்கள் அறிந்திருந்தார்கள். கடைக்குச் சென்ற நாம்தான் மறந்துபோனோம்.

நாம் சென்ற கடையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. மிக விசாலமான மண்டபம், உயர்ந்த கூரை, பகலைத் தோற்கடிக்கும் விளக்குகள். அங்கே 65 அங்குலத் திரை நம் பழைய பெட்டியின் தம்பிபோலத் தோன்றியது. 75 அங்குலமே அளவானது என்று நாமே ஒரு கணம் மயங்கினோம். கடையிற் கன்றுக்குட்டியாய் நிற்பது வீட்டுக்கு வந்ததும் காளையாகிவிடும் என்பதை அங்கே நின்றவாறு எவரும் உணர முடியாது. மேலும், கடைகளிற் பெட்டிகள் பெரும்பாலும் மிகுந்த ஒளியும் மிகுந்த வர்ணமுமாக வைக்கப்பட்டிருக்கும். ஓடுகின்ற படமும் அதற்கென்றே எடுக்கப்பட்டது: கடலடி மீன்கள், மலர்கள், பனிமலைகள். நம் வீட்டில் ஓடப்போவது செய்தியும் நாடகமும் கிரிக்கெட்டும் அல்லவா? ஆகவே, சாதாரண ஒளிபரப்பு ஒன்றைப் போட்டுக் காட்டும்படி கேட்கத் தயங்கலாகாது. இருண்ட காட்சி ஒன்றையும் காட்டச் சொல்ல வேண்டும். நேரே நின்று பார்த்தது போதாமல் பக்கவாட்டிலும் நின்று பார்க்க வேண்டும். சிலவகைத் திரைகளிற் பக்கத்தில் இருப்போருக்கு வர்ணம் வெளிறிப்போகும்.

விற்பனையாளர் சொல்லும் பெயர்கள் தலையைச் சுற்றவைக்கும். அவற்றின் பொருள் எளியதே. ‘எல்.ஈ.டி.’ என்பது திரவப் பளிங்குத் திரையின் பின்னே சிறு விளக்குகள் ஒளிரும் வகை. ‘கியூ.எல்.ஈ.டி.’ என்பதும் அதே வகைதான். வர்ணத்தைச் செழிப்பிக்கும் ஒரு மென்படலம் கூடுதலாக உண்டு. ‘ஓ.எல்.ஈ.டி.’ வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைந்தால் முற்றாகக் கறுக்கும். இருட்டறையிற் படம் பார்ப்போருக்கு அதற்கு இணையில்லை. ஆனால் விலை அதிகம். ஒரே சின்னம் ஒரே மூலையில் நாள் முழுதும் நின்றால் நாளடைவில் அதன் சாயல் திரையிற் பதிந்துவிடவுங் கூடும். பகல் முழுவதும் யன்னல் திறந்திருக்கும் வீட்டில், செய்தி அலைவரிசையை ஓயாது ஓடவிடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அன்று ஒன்றும் வாங்காமலே வீடு திரும்பினோம். மறுநாள் மகள் ஒரு யோசனை சொன்னாள். திரையின் அளவு என்று சொல்லப்படுவது மூலைக்கு மூலை அளக்கும் குறுக்களவு. அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதம். பைதகரசின் தேற்றம் படித்த மாணவர் எவரும் மீதியைக் கணித்துவிடலாம். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 37½ அங்குலம், உயரம் 21. 55 அங்குலத்துக்கு 48உம் 27உம். 65 அங்குலத்துக்கு 56½உம் 32உம். 75 அங்குலத்துக்கு 65½உம் 37உம். பெயரில் 75 என்பது 43இன் இரு மடங்குகூட இல்லை. பரப்பிலோ அது மும்மடங்கு!

பழைய ஞாயிற்றுப் பத்திரிகைகளை ஒட்டி, நான்கு அளவுகளிலும் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரிற் பொருத்திப் பார்த்தோம். ஒவ்வொன்றும் இரண்டு நாட்கள் சுவரில் இருந்தது. வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடிய மிகச் சிறந்த யோசனை இதுவே, செலவும் இல்லை. 75 அங்குலக் காகிதம் சுவரின் மின்னாளியை விழுங்கிக்கொண்டு, கதவு திறக்கும் வழியிலும் தலையை நீட்டியது. அத்தோடு, அந்த அளவுப் பெட்டி நம் தொடர்மாடியின் படிக்கட்டு வளைவில் திரும்பாது என்பதும் அளவுநாடாவால் வெளியாயிற்று. மகன் மனமின்றி அதைக் கழற்றினான். பெரிய திரைகளைப் படுக்கவைத்துக் கொண்டுவருவதும் ஆகாது. நிமிர்த்தியே தூக்கிவர வேண்டும் என்பதை இங்கே சொல்லிவைக்கின்றோம்.

இனித் தூரத்தின் கணக்கு. திரையின் குறுக்களவை 1.6 ஆற் பெருக்கினால் வசதியாகப் பார்க்கும் தூரம் கிடைக்கும் என்பது பலரும் கைக்கொள்ளும் விதி. 43 அங்குலத்துக்கு அது ஏறக்குறைய 5¾ அடி. 55க்கு 7⅓ அடி. 65க்கு 8⅔ அடி. 75க்கு 10 அடி. நம் கூடத்திற் கதிரையிலிருந்து சுவர்வரை 9 அடி. ஆக 65 அங்குலம் விதிக்குப் பொருந்தியது. அப்போதும் நாம் இணங்கவில்லை. விதி சொல்வது ஆகக்கூடிய வசதி. பண முடையுள்ள வீட்டுக்குச் சற்றுக் குறைந்ததே போதும் என்று வாதிட்டோம். 55 அங்குலத்தோடு சமாதானமாகிவிடலாம் என்பதே இல்லத்தரசியாரின் கருத்தும்.

அந்த வேளையிற் சுவரில் இருந்தது 55 அங்குலக் காகிதம். அன்னையார் கதிரையை விட்டு மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அருகே சென்று, முகம் காகிதத்தில் உரசும்படி நின்று அதில் இருந்த பழைய செய்தி ஒன்றைப் படிக்கலானார். நாம் நகைத்தோம். மகள் நகைக்கவில்லை. அலுமாரியிலிருந்து அப்பாச்சியின் கண் சிகிச்சைப் புத்தகத்தை எடுத்துவந்து பார்த்தாள். இடக்கண் கண் அழுத்த நோயால் முன்னரே பார்வை இழந்தது. வலக்கண்ணில் வெண்படலம் அகற்றப்பட்டபின் பார்வை 6/12 என்று குறிக்கப்பட்டிருந்தது. சாதாரணக் கண் 12 மீற்றர் தூரத்தில் நின்று படிக்கும் எழுத்தை, இந்தக் கண் 6 மீற்றருக்குக் கிட்ட வந்தே படிக்கும் என்பது அதன் பொருள்.

“அப்பா, நாங்கள் 32 அங்குலத்திலை பார்த்ததை அப்பாச்சி பார்க்க வேணுமெண்டால் 64 அங்குலம் வேணும். பழைய ரீ.வி. அவவுக்கு 16 அங்குலப் பெட்டியாத்தான் இருந்திருக்கு” என்றாள்.

நாம் வாயடைத்து நின்றோம். மூன்று ஆண்டுகளாக அவர் நம்மோடு கூடத்தில் இருந்தார். நாம் பார்த்ததையே அவரும் பார்த்தார் என்று எண்ணியிருந்தோம். “இப்ப ஆர் கதைக்கிறது?” என்று அவர் அடிக்கடி கேட்பதுண்டு. கதையைக் கவனியாமற் கேட்கின்றார் என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். நாமும் அவர்களைத் தடுத்ததில்லை. கவனக்குறைவன்று, முகம் தெரியவில்லை. “எனக்குக் கேட்டால் காணும்” என்று அவர் சொன்னபோதெல்லாம், உலக ஆசைகளை விட்டவர் என்று பெருமை கொண்டோம். பிறருக்குப் பாரமாகக் கூடாது என்று சொன்ன சொல் அது.

அன்றுதான் அவரிடம் முதன்முறையாகக் கேட்டோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். பின்பு, “எனக்குப் பெரிசு சின்னன் தெரியாது, தம்பி. நல்லூரிலை வேல் வெளிக்கிடேக்கை வேல் தெரிஞ்சால் காணும்” என்றார்.

முழங்கால் நோவினால் அவர் யாழ்ப்பாணம் போய் மூன்று ஆண்டுகள். இருபத்தைந்து நாள் திருவிழாவையும் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியதாய் நேரடியாகக் காட்டுகின்றார்கள். அவரும் ஒவ்வோராண்டும் விரதமிருந்து அப்பெட்டியின் முன் கைகூப்பி அமர்ந்திருந்தார். மேளமும் அரோகராவும் அவருக்குக் கேட்டிருக்கும். வேல் தெரிந்திராது.

அதன்பின் அளவைப் பற்றிய வாதம் ஓய்ந்தது. பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது என்பதே கேள்வியாயிற்று. அதற்கும் கணக்கே உதவிற்று. நல்ல கண்ணும் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைவிடச் சிறியதைப் பிரித்தறியாது. இதன்படி, 65 அங்குலத் திரையில் 1080 வரிசைப் படத்தின் புள்ளிகள் 8½ அடிக்கு அப்பால் ஒன்றாகிவிடும். ஒன்பது அடியில் இருக்கும் நமக்கு 4கே என்பதே தாராளம். அதனிலும் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே என்பதற்குப் பணம் கொடுப்பது வீண். பழைய 625 கோட்டுப் பதிவுகள் மட்டும் பெரிய திரையிற் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றும். அவை சீராகத் தெரிய வேண்டுமாயின் 65 அங்குலத் திரைக்குப் பதினைந்து அடிக்கு மேல் விலகியிருக்க வேண்டும். பிள்ளைகள் அதைக் குறை சொல்கின்றார்கள். அன்னையாரின் கண்ணுக்கு அந்தக் குறை தெரிவதில்லை! ஆகவே ஓ.எல்.ஈ.டி. ஆசையை விட்டு, சாதாரண எல்.ஈ.டி. வகையில் 65 அங்குலத்தைத் தெரிந்தோம்.

மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு ஒலிக்குப் போயிற்று. இக்காலத் திரைகள் மெல்லியவை. அவற்றின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ அமைந்தவை. முதியோர் காதுக்குப் பேச்சுத் தெளிவாக எட்டாது. திரையின் கீழ் வைக்கும் நீண்ட ஒலிபெருக்கி ஒன்று முன்னோக்கிப் பேசும். ஒலியைக் கூட்டாமலே சொற்கள் விளங்குகின்றன. அடுத்த வீட்டாருக்கும் நிம்மதி.

வைக்கும் இடத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவர் கண்ணின் உயரத்துக்கு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். சுவாமிப்படம்போல் உயரத்தில் மாட்டினால் கழுத்து நோகும். யன்னலுக்கு நேரெதிரே வைத்தால் பகலில் யன்னலைத்தான் பார்க்கலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், மேசைமேல் நிற்கும் திரையைப் பட்டியாற் சுவரோடு பிணைக்க வேண்டும். பிள்ளை பிடித்து ஏறினால் திரை பிள்ளைமேற் சாயும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலையில் இடி முழங்கும்போது, ஆளியை அணைத்தது போதாது. மின்செருகியையும் அன்ரெனாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும்.

மின்கட்டணத்தையும் மறக்கலாகாது. 150 வோட் இழுக்கும் திரை நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் ஓடினால் மாதம் 18 அலகு. பழைய சிறு பெட்டி 50 வோட் என்று கொண்டால் அது 6 அலகுதான். கட்டணம் படிப்படியாக ஏறும் நம் நாட்டு முறையில், இந்த 12 அலகு ஒரு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் கடை வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். கண்ணுக்கும் நல்லது, கட்டணத்துக்கும் நல்லது.

உத்தரவாதப் பத்திரத்தைக் கடையிலேயே படிக்க வேண்டும். திரை உடைந்தால் உத்தரவாதம் பெரும்பாலும் உதவாது. புதிய திரையின் விலை புதிய பெட்டியின் விலையை நெருங்கும். தவணைக்கு வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் கேளாமல், எல்லாத் தவணையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே இணைய வசதி இருக்கின்றதே என்று அதற்காக அதிகம் கொடுக்கவும் வேண்டாம். சில ஆண்டுகளில் அந்த வசதி பழையதாகிவிடும். திரை அதைவிட நீண்டகாலம் உழைக்கும். அப்போது சிறு கருவி ஒன்றைச் செருகிக் காரியம் பார்க்கலாம்.

பெரிய திரை பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா என்று கேட்பவர் உண்டு. கெடுப்பது அளவன்று, நேரம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நம் வீட்டில் ஒரு மாற்றத்தைக் கண்டோம். முன்பு ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்கள், இரவில் ஒரு மணிநேரமாவது கூடத்தில் ஒன்றாய் இருக்கின்றார்கள். எது ஓடுவது என்பதிற் சண்டையும் உண்டு; அதுவும் குடும்பந்தானே!

ஆனி முடியுமுன் பெட்டி வந்து சுவரில் ஏறியது. நல்லூரிற் கொடியேறிய அன்று காலை அன்னையார் நீராடி, வெள்ளைச் சேலை உடுத்து, நேரத்தோடு கதிரையில் வந்தமர்ந்தார். மகன் தானாகவே கிரிக்கெட்டை நிறுத்தி ஒளிபரப்பைத் தேடிப் போட்டான். கோபுரம் தெரிந்தது. சனத்திரள் தெரிந்தது. வேல் எழுந்தருளிய வேளையில் நாம் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

வேலைப் பற்றி அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. சுவாமி வீதி சுற்றி உள்ளே போனபின், மெல்லத் திரும்பி நம்மிடம் ஒன்றே ஒன்று சொன்னார்:

“வீதியிலை போட்ட மணலும் தெரியுது, தம்பி.”

புதிய திரை வாங்கக் கடைக்குப் போக இருக்கும் அன்பர்களே, போகுமுன் உங்கள் வீட்டுக் கதிரைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றில் இருப்பவர் ஒவ்வொருவரிடமும், என்ன தெரிகின்றது என்று கேளுங்கள். அளவுநாடாவை அதன்பின் எடுக்கலாம்.